துறுதுறுப் பிள்ளையும் நீண்ட பகலும்: எது கைகொடுக்கும், எது கழுத்தறுக்கும்?

மணி ஒன்பதே முக்கால்தான். அதற்குள் பொம்மைக் கூடையைக் கவிழ்த்தாயிற்று, சோபாவில் ஏறி இறங்கியாயிற்று, என் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டை நாலு சுற்று வந்தாயிற்று, செய்தித்தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை எனக்கும் கொடுத்தாயிற்று. "அப்புறம்?" என்று கேட்பதுபோல நிற்கிறாள் மகள். வயது இரண்டே கால். பகல் தூக்கம் ஒரு மணிக்குத்தான். இன்னும் மூன்றே கால் மணி நேரம் இருக்கிறது.

ஜனவரி வரைக்கும் இது என் கவலை இல்லை. மாமியார் எங்களோடு தாம்பரத்தில் இருந்தார். அம்பாசமுத்திரத்தில் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவர் கிளம்பினார். மனைவி காலை எட்டரைக்கு வங்கிக்குப் போய்விடுவாள். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற நான் பகல்நேரப் பொறுப்பாளன் ஆனேன். என் வேலையைப் பிள்ளை தூங்கும் நேரத்துக்கும் இரவுக்கும் தள்ளிவைத்தேன். "ரெண்டு வயசுப் பிள்ளைதானே, பார்த்துக்கலாம்" என்று நினைத்தது எவ்வளவு பெரிய வெகுளித்தனம் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

முதலில் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. இந்த வயதுப் பிள்ளைகள் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும், ஒரு நாளில் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். எங்கள் வீட்டில் தூக்கம் பன்னிரண்டு மணி நேரம். மிச்சம் பன்னிரண்டு. அதில் சாப்பாடு (பாதி வாயில், பாதி தரையில்), குளியல், ஜட்டி மாற்றுவது என்று நாலரை மணி நேரம் போகும். காலையும் மாலையும் அம்மாவோடு இரண்டரை. ஆக, நான் நிரப்ப வேண்டியது ஐந்து மணி நேரம். அதாவது பத்து அரை மணி. நாள் முழுக்க என்ன செய்வது என்ற மலைப்பு, பத்து அரை மணிக்கு என்ன செய்வது என்று சுருங்கியதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்வி கேட்டேன். எத்தனை நிமிடம் தாங்கும்? முடிந்தபின் எனக்கு எவ்வளவு வேலை வைக்கும்? நிறுத்தும்போது என்ன ஆகும்? முதல் இரண்டும் யாரும் கேட்பவைதான். மூன்றாவதை அடிபட்டுத்தான் சேர்த்துக்கொண்டேன். அரை மணி கிடைக்குமே என்று ஒன்றைக் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கும்போது பிள்ளை இருபது நிமிடம் தரையில் புரண்டு அழுதால், கையில் நின்றது பத்து நிமிடம்தான்.

போனும் டிவியும்

முதல் இரண்டு கேள்வியில் போனை அடிக்க ஆளில்லை. எவ்வளவு நேரம் தாங்கும்? பேட்டரி தாங்கும்வரை. துடைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம், துணி மாற்ற வேண்டாம். மறைப்பானேன், முதல் மாதம் இருபதாம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் என்று காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை போனைக் கொடுத்து உட்கார வைத்தவன்தான் நான்.

மூன்றாவது கேள்வியில் கவிழ்ந்தது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. எங்கே நிறுத்துவது என்று நமக்கே தெரிவதில்லை, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிடுங்கியதும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "என்னாச்சு சார்?" என்று கேட்கும் அளவுக்கு அழுகை. அடுத்த நாள் சோற்றுத் தட்டைப் பார்த்ததும் போன் கேட்டாள். அதற்கடுத்த நாள் எழுந்ததும் கேட்டாள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் அளவு. நான் ஒரே காலையில் இரண்டரை மணி நேரம் கொடுத்திருந்தேன்.

டிவிக்கு மாறினோம். என் கண்ணில் போனைவிட டிவி மேல். தூரத்தில் இருக்கிறது, கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, நானும் சேர்ந்து பார்த்து "அந்த யானை எங்கே போகுது?" என்று பேச்சுக் கொடுக்கலாம். நிறுத்துவதற்கு ஒரு பொய்யும் கண்டுபிடித்தேன்: ரிமோட்டை மறைத்து அணைத்துவிட்டு "கரண்ட் போயிடுச்சும்மா". இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் அவள் மெதுவாக அண்ணாந்து பார்த்து, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை விரலால் காட்டினாள். அன்றோடு அந்த வியாபாரம் முடிந்தது. இப்போது சமையல் கொதிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு இருபது நிமிடம், தொடங்கும்போதே எத்தனை கதை என்று விரல்விட்டுச் சொல்லிவிட்டு.

திரைக் கணக்கிலேயே எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் அந்த மருத்துவர் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழேகூட விலக்குக் கொடுக்கிறது. பதினோரு மணிக்கு ஆச்சிக்கு, அதாவது என் மாமியாருக்கு, கால் போடுகிறோம். ஆச்சி அங்கே திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார், இவள் இங்கே தன் சொப்பைக் காட்டுவாள். இருபது நிமிடம். "ஏட்டி, ஆச்சி சோறு வடிக்கப் போறேன், வச்சிரட்டா?" என்று கேட்டால் சரி என்று தலையாட்டி விடுகிறாள். ஆச்சிக்கு வேலை இருக்கிறது என்றால் புரிகிறது. அப்பா போனைப் பிடுங்குவதுதான் புரிவதில்லை.

பொம்மைகள்

இரண்டு பிறந்தநாளில் சேர்ந்தவற்றை எண்ணினேன்: முப்பத்தேழு. ஒன்றை எடுப்பாள், புரட்டிப் பார்ப்பாள், எறிவாள், அடுத்தது. முப்பத்தேழும் சேர்ந்து கால் மணி தாங்கவில்லை. பொறுக்கிப் போட எனக்குப் பத்து நிமிடம். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குட்பட்ட 36 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். நாலு பொம்மை மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதமாக விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது தாவிக்கொண்டே இருந்தார்கள். படித்த அன்றே பொம்மைகளைத் துணிக்கடைப் பைகளில் பிரித்துப் பரணில் ஏற்றினேன். வெளியே ஐந்தாறுதான். ஞாயிறு இரவு அவள் தூங்கியதும் பை மாறும். திங்கள் காலையில் பழைய கரடியைப் புதுச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல வரவேற்கிறாள்.

எந்தப் பொம்மை நிலைத்தது என்று பார்த்தால், விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பட்டனை அமுக்கினால் பாடுகிற, விளக்கு எரிகிற வகை இரண்டே நாள். அது செய்வது அந்த ஒன்றுதான். ஆச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து கொண்டுவந்த மரச்சொப்பு, அரக்குச் சாயம் பூசிக் கடைந்த அடுப்பும் பானையும் அம்மியும், இன்னும் ஓடுகிறது. நடைவண்டியோடு நடக்கும் வயது தாண்டிவிட்டாலும் அதில் வெங்காயத்தை ஏற்றி ஹாலிலிருந்து அடுக்களைக்கு லோடு அடிக்கிறாள். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி பத்து நாள் வீடாக இருந்தது.

வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பேட்டரிப் பொம்மை என்றால் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

கிரேயான்ஸ் பற்றி ஒரே வரி: வாடகை வீடு, அட்வான்ஸ் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

தண்ணீர்

எங்கள் வீட்டில் முதல் மூன்று இடங்களில் ஒன்று இதற்குத்தான். பால்கனியில் பழைய துணி ஒன்றை விரித்து, அகலமான டப்பில் நாலு லிட்டர் தண்ணீர், கூடவே இரண்டு தம்ளர், ஒரு டபரா, புனல், டீ வடிகட்டி, ஓட்டை போட்ட தயிர் டப்பா. மொள்ளுவாள், ஊற்றுவாள், வழியவிடுவாள், திரும்ப மொள்ளுவாள். குறைந்தது நாற்பது நிமிடம். வெயில் ஏறிய நாளில் ஒரு மணி நேரம்கூட. ஏப்ரல், மே மாதத்தில் இதற்கு ஈடு இணை கிடையாது. குளியலையும் இதோடு சேர்த்துவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது.

வேலை வைக்குமா? வைக்கும். ஒரு செட் துணி, ஒரு தரை துடைப்பு. முதலில் நான் துடைத்தேன். அப்புறம் துணியை அவள் கையிலேயே கொடுத்தேன். துடைப்பதும் விளையாட்டில் சேர்ந்துவிட்டது, சுத்தமாகிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது. நிறுத்துவதுதான் அழகு. "செடிக்குத் தண்ணி குடு" என்றால் மிச்சத்தை மொண்டு மொண்டு துளசிக்கும் கற்றாழைக்கும் ஊற்றுகிறாள். டப் காலியானால் ஆட்டம் முடிந்தது என்று அவளுக்கே தெரிகிறது. அழுகை இல்லை. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த வருடங்களைப் பார்த்த சென்னைக்காரனுக்கு நாலு லிட்டரைச் சும்மா கொட்டுவது உறுத்தும், செடிக்குப் போகிறது என்றால் அந்த உறுத்தலும் இல்லை.

ஆனால் ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. போன் மணி அடித்தாலும், குக்கர் விசில் வந்தாலும் சரி. சின்னப் பிள்ளைகள் மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். தலை கனம், உடம்பு லேசு. பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. நம் ஊர் வீடுகளில் தண்ணீர் வரும்போது எல்லாப் பக்கெட்டையும் டிரம்மையும் நிரப்பி வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். எங்கள் குளியலறைக் கதவின் மேலே ஒரு தாழ்ப்பாள் புதிதாகப் போட்டேன். ஆகவே தண்ணீர் விளையாட்டு நமக்கு ஓய்வு தராது, ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். வேலையும் ஆக வேண்டும், பிள்ளையும் அடங்க வேண்டும் என்றால் இது உதவாது.

அடுக்களை

அதற்கு உதவுவது அடுக்களை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. "அவளை வெளிய விரட்டிட்டு எப்படி வேலை பாப்பீங்க மாப்பிள்ளை? கையில ஒரு கரண்டியக் குடுத்து உக்கார வைங்க" என்று போனில் மாமியார் சொன்னார். அவர் இருந்தபோது பிள்ளை எப்படி அவ்வளவு அமைதியாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. நான் சமைக்கும்போது அவளை ஹாலில் பொம்மையோடு விட்டுவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து என் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

அடுப்பிலிருந்து தள்ளி, மூலையில் ஒரு பாய் போட்டேன். கீழ் அலமாரி ஒன்றைக் காலி செய்து அவளுக்கென்றே இட்லித் தட்டு, எவர்சில்வர் கிண்ணங்கள், முறம், மரக்கரண்டி வைத்தேன். ஃபினாயிலும் கத்தியும் மேல் தட்டுக்கு ஏறின. பின்பு ஒவ்வொரு நாளும் அன்றைய சமையலில் ஒரு வேலை அவளுக்கு. கீரை ஆய்வது: கட்டிலிருந்து ஒவ்வொரு காம்பாக எடுத்து எனக்குத் தருவாள். கறிவேப்பிலை உருவுவது. உருளைக்கிழங்கை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றுவது. சப்பாத்தி நாளில் ஒரு உருண்டை மாவு கொடுத்தால் நான் கடைசிச் சப்பாத்தி போடும்வரை அதை உருட்டி, தட்டி, குத்தி, மூக்கில் ஒட்டிக்கொண்டு இருப்பாள். கடையில் டப்பா டப்பாவாக விற்கும் விளையாட்டு மாவுக்குப் பதில் இதுவே போதும்.

நிமிடக் கணக்கில் பார்த்தால் இது தண்ணீரைவிடக் குறைவு, ஒரு வேலைக்குப் பதினைந்து இருபது நிமிடம்தான். ஆனால் அந்த இருபது நிமிடம் எனக்கும் வேலை நடந்திருக்கிறது. நான் தனியாக "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள" வேண்டியிருக்கவில்லை. நிறுத்துவதும் சுலபம்: கீரை தீர்ந்தது, குழம்பு கொதித்தது, சாப்பிடலாம். தான் ஆய்ந்த கீரை என்றால் இரண்டு வாய் கூடவே இறங்குகிறது. துணி மடிப்பதும் இப்படித்தான். காயப்போடும் கிளிப்புகளை ஒரு டப்பாவில் கொடுத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தன் சட்டையில் குத்திக்கொள்ளப் பார்ப்பாள், நான் ஒரு வாளித் துணியைக் காயப்போட்டு முடித்துவிடுவேன்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலியும் உலகப் போரில் இறங்கியதால் திரும்பிப்போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே, அதில் சில காலம் கொடைக்கானலில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே வீட்டு வேலைதான்: ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்று, கரண்டியால் பருப்பை மாற்று, துணி மடி. அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்ட பள்ளிகள் இதற்கு வாங்கும் கட்டணத்தை மாமியாரிடம் சொன்னேன். "எம் பேத்தி சும்மாவே செஞ்சுட்டிருக்காளே" என்றார்.

இந்தப் பருப்பை மாற்றும் விளையாட்டில்தான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கடலை மூக்குக்குள். நான் விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன், அது இன்னும் உள்ளே போனது. ஆட்டோ பிடித்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினேன். அவர் கடலை இல்லாத பக்கத்து மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, என்னை அவள் வாயோடு வாய் வைத்து ஒரே ஊதாக ஊதச் சொன்னார். கடலை என் கன்னத்தில் வந்து அடித்தது. "வீட்ல யாரும் குடையாதீங்க, நேரா தூக்கிட்டு வாங்க" என்று திட்டி அனுப்பினார். அதிலிருந்து பட்டாணி, கடலை, புளியங்கொட்டை எதுவும் அவள் கைக்குப் போவதில்லை. மூக்கில் போகாத, தொண்டையை அடைக்காத அளவில் இருப்பது மட்டும்தான்: எலுமிச்சை, பெரிய வெங்காயம், உருளை.

வெளியே

ஓடியாட வேண்டிய 180 நிமிடத்தை இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் முழுசாக எடுக்க முடியாது. ஆகவே காலை ஏழரைக்குள் அரை மணி, மாலை ஐந்துக்கு மேல் ஒரு மணி நேரம் வெளியே. கத்திரி வெயில் நாட்களில் நடுப்பகலில் மொட்டை மாடிப் பக்கமே போக முடியாது, அந்தத் தரையில் அப்பளமே பொரியும். பூங்கா, மாடி, தெரு மூன்றில் எனக்குத் தெருதான் பிடித்தது. பூங்காவில் ஊஞ்சலுக்கு வரிசை, ஊஞ்சலிலிருந்து இறக்கும்போது அழுகை. தெருவில் நாய் இருக்கிறது, எறும்பு வரிசை இருக்கிறது, இஸ்திரி வண்டி இருக்கிறது, கோலம் போடுகிற அக்கா "என்ன பாப்பா, உங்க ஆச்சி எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார். நூறு மீட்டர் நடக்க முப்பது நிமிடம். அவசரப்படாதவர்களுக்கு அது நல்ல வியாபாரம்.

பெரிய செலவில் பெரிய இடங்களுக்குக் கூட்டிப்போவதைப் பற்றி என் அனுபவம் இதுதான். பக்கத்தில்தானே என்று ஒருநாள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம் (செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதுவும் ஒருமுறை போய்த் திரும்பிய பிறகுதான் மண்டையில் ஏறியது). புலியை அரைப் பார்வை பார்த்தாள். பாதையோரக் கூழாங்கல்லைப் பொறுக்குவதில் ஒரு மணி நேரம் போனது. கூழாங்கல் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

பிளே ஸ்கூலா, அங்கன்வாடியா, இரண்டும் வேண்டாமா?

மனைவிக்கும் எனக்கும் இதில்தான் வாக்குவாதம். பிளே ஸ்கூலில் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. கொண்டுவிட இருபது நிமிடம், கூட்டிவர இருபது நிமிடம். எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. முதல் சில மாதம் மற்றப் பிள்ளைகளிடமிருந்து சளியும் காய்ச்சலும் தொற்றி, வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில்தான் இருப்பாள் என்பதைப் பக்கத்து வீட்டு அனுபவம் சொல்கிறது. அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். நாங்கள் பார்க்கப் போன இடம் குளிரூட்டிய ஒரே அறை, சுவரில் பெரிய டிவி, அதில் கார்ட்டூன். எங்கள் வீட்டிலேயே டிவி இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, இரண்டு வயது நிரம்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. "அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கா?" என்று மனைவி தயங்கினாள். போய்ப் பார்த்தோம். பதினான்கு பிள்ளைகள், ஒரு வேப்பமரம், கொஞ்சம் மணல், தரையில் எழுத்துக் கட்டங்கள். ஆங்கிலம் இல்லை, கழிப்பறை சுமார், டீச்சருக்குப் பதிவேடு எழுதும் வேலையே பாதி. ஆனால் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பகலில் இல்லாத ஒன்று அதுதான். எவ்வளவு கீரை ஆய்ந்தாலும் நான் இன்னொரு இரண்டரை வயதுப் பிள்ளை ஆகிவிட முடியாது. ஜூனிலிருந்து அங்கே காலை இரண்டு மணி நேரம் விட்டுப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் திரும்ப வீடு என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் யாருமே இல்லாமல் இருவரும் வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு முழுநாள் காப்பகம்தான் கேள்வி, அதன் நல்லது கெட்டது வேறு.

இப்போது எங்கள் பத்து அரை மணி இப்படிப் போகிறது. தெரு ஒன்று, அடுக்களை இரண்டு, பரணிலிருந்து இறங்கிய பொம்மை ஒன்று, ஆச்சியும் டிவியும் சேர்ந்து ஒன்றேகால், தண்ணீர் ஒன்றரை, துணி மடிப்பு முக்கால், படப்புத்தகம் அரை. வேலை நெருக்கும் நாளில் அடுக்களைப் பங்கைக் கூட்டுகிறேன். எனக்கே உடம்பு முடியாத நாளில் தண்ணீர். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் போதும். இருபதாம் தேதி மட்டும் டிவி கொஞ்சம் நீளும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து நல்ல அப்பா பட்டம் வாங்கப் பார்த்த முதல் வாரத்தில்தான் நான் மிகவும் கத்தினேன்.

மிச்சம் இரண்டு அரை மணி. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, அதுதான் ஆகக் கெட்ட நேரம். அவளுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு, அம்மா இன்னும் வரவில்லை. அதற்கு ரயில் நிலையம். பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்துக்கு மின்சார ரயில் டிக்கெட் ஐந்தே ரூபாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆகவே ஐந்து ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷன்வரை ஒரு சவாரி போவோம். அங்கே, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கிற பெஞ்சில் உட்காருவோம். 1931இலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் எத்தனை பிள்ளைகள் இப்படி உட்கார்ந்து எண்ணியிருப்பார்களோ. கடற்கரைப் பக்கம் போகிற வண்டிக்கு டாட்டா. கடற்கரையிலிருந்து வருகிற வண்டி நின்றதும் எழுந்து நின்று கூட்டத்தில் தேடுவாள். இல்லை. அடுத்தது. மூன்றாவதிலோ நான்காவதிலோ பெண்கள் பெட்டி ஜன்னலிலிருந்து ஒரு கை அசையும். நான் டிக்கெட்டைப் பையில் தேடிக்கொண்டிருப்பேன், என்னை விட்டுவிட்டு இருவரும் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருப்பார்கள்.